மேல் சரிவுப் புல்

ஜங்கக்சாய்
14 அக்டோபர் 2003

தம்பி ஒரோசாலிக்கு, அக்கா புருல்கானின் சலாம்.

உடம்பு எப்படி இருக்கிறது? சைபீரியாவில் இப்போதே பனி கொட்ட ஆரம்பித்திருக்கும். நான் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கிறாயா? எனக்குக் குறையொன்றும் இல்லை. வலது விலாவுக்குக் கீழே அவ்வப்போது ஒரு குத்தல். ஆட்டுக் கொழுப்பைத் தொடாதே என்கிறாள் நர்ஸ். இந்த ஊரில் அதைத் தொடாமல் உயிர் வாழ்ந்தவர் யார் என்று கேட்டேன்.

அக்ரூட் பொறுக்கி முடித்து நேற்றுதான் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு காட்டிலிருந்து இறங்கினேன். விளைச்சல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மே மாதம் பூத்து நின்ற நேரத்தில் அடித்த உறைபனிதான் காரணம். முன்பெல்லாம் பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்தது, இப்போது வருடம் தவறாமல் வருகிறது. ஏப்ரலிலேயே வெயில் காய்ந்து மரங்களை எழுப்பிவிடுகிறது, பிறகு குளிர் திரும்பி வந்து தலையில் போடுகிறது. எல்லா மரமும் பச்சை கட்டிய பிறகும் மொட்டையாகத் தூங்குமே, அப்பா ‘சோம்பேறிகள்’ என்று திட்டுவாரே, அந்த மரங்களில் மட்டும் காய் இருந்தது. ஓடு கெட்டி, பருப்புச் சின்னது. ஆனால் இருந்தது.

வனப்பண்ணை அதிகாரி கெங்கேஷ் வந்திருந்தார். ஐந்து வருடக் குத்தகை அடுத்த அக்டோபரில் முடிகிறது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி நம் குத்தகைக் காட்டுத் துண்டைச் சுற்றிப் பார்த்தார். “எங்க பாத்தாலும் கிழடுதான் நிக்குது புருல்கான். ஒரு வறட்சி, ஒரு புழு வருஷம், ஒரு பெருங்காத்து, மொத்தமா சாஞ்சிரும். அப்புறம் மலை மண்ணு நேரா உங்க அடுப்புக்குள்ளதான் வந்து விழும். இளசு ஒண்ணும் கண்ணுல படலை. அடுத்த வருஷம் நான் வர்றப்ப கன்னுங்க நின்னா அம்பது வருஷத்துக்கு எழுதித் தர்றேன். நிக்கலேன்னா துண்டு வேற குடும்பத்துக்குப் போயிரும். என்னைக் குத்தம் சொல்லாதே” என்றார்.

நீ கலங்காதே. கன்றுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். மேல் சரிவில் இந்த வருடமும் புல் வெட்டவில்லை. ஆள் கிடைக்கவில்லை.

வாய்க்கு ருசியாகச் சமைத்துச் சாப்பிடு. நீ நலமாக இருந்தால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அக்கா
புருல்கான்


அங்காரா ஆற்றங்கரை
7 டிசம்பர் 2003

என் தாய்க்குச் சமமான அக்காவுக்குத் தம்பி ஒரோசாலியின் சலாம்.

உன் கடிதம் முப்பத்தைந்து நாள் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. காலுறை காலில்தான் இருக்கிறது. இரண்டு ஜோடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். விலாக் குத்தலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே, ஜலாலாபாத் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டு.

மரம் அறுக்கும் ஆலையில் வேலைக்குப் பஞ்சமில்லை. கோடையில் எரிந்த காட்டை இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரே நாளில் நட்ட பைன் மரங்கள், பட்டாளம்போல வரிசை. ஒன்றில் பற்றிய தீ அடுத்தடுத்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. நடுவே யாரும் நடாமல் தானாக வந்த, வெள்ளைப் பட்டை உரியும் பூர்ச்ச மரத் தோப்பு ஒன்று. அதற்குள் வந்ததும் தீ சுருண்டு படுத்துவிட்டது. கரியோடு கரியாக நின்று அதைப் பார்த்தபோது நம் காடு நினைவுக்கு வந்தது. அங்கே எதுவும் வரிசையில் நிற்காதே.

செவலை எப்படி இருக்கிறாள்? சினை பிடித்ததா? மற்ற இரண்டும்? அக்கா, அந்த மூன்று மாடுகள்தான் நான் இங்கே முதுகு ஒடிப்பதற்கு அர்த்தம். திரும்பி வரும்போது மூன்று ஆறாகி இருக்க வேண்டும். கண்ணை மூடினால் அவைதான் வருகின்றன. ஓடைக்கரையில் நான் நட்ட கன்றுகளைத்தானே கெங்கேஷுக்குக் காட்டப்போகிறாய்? வேலி பத்திரம்.

மேல் சரிவை இரண்டாவது வருடமும் வெட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஊரிலேயே நல்ல புல் அது. ஆண் துணை இல்லாமல் நீ ஒற்றையாளாக அல்லாடுகிறாய், நான் இங்கே எவன் காட்டையோ வெட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன பிழைப்பு இது!

உன் உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

ஒரோசாலி


ஜங்கக்சாய்
19 பிப்ரவரி 2004

தம்பிக்கு அக்காவின் அன்பும் சலாமும்.

நான் நன்றாக இருக்கிறேன். நீ அழுமூஞ்சியாக எழுதாதே. அல்லாடுகிறேன் என்று உன்னிடம் யார் சொன்னது? புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து பதினெட்டு வருடமாகிறது. அன்றிலிருந்து விறகு என்னை உடைக்கவில்லை, நான்தான் விறகை உடைக்கிறேன்.

டாக்டரிடம் காட்டினேன். பித்தப்பையில் கல்லாம். அறுக்க வேண்டுமாம். கோடையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செவலை கன்று போட்டாள். அவளைப்போலவே நெற்றியில் வெள்ளைச் சுழி, அவளைப்போலவே திமிர். பால் கறக்கப் போனால் வாளியை உதைக்கிறாள். உன் தோழன் மாமசாலி வீட்டுக் கூரை மேலிருந்த பனி சரிந்து கோழிக்கூடு நசுங்கியது. அவன் பெண்டாட்டி பாத்திமா அவனைத் திட்டியது நம் வீடு வரை கேட்டது. “கூரைப் பனியைத் தள்ளச் சொன்னா தாடியைத் தடவிக்கிட்டு நிக்குது பாரு!” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்ததுதான் மிச்சம்.

மரக்கன்றுகள் நலம். பனிக்கு அடியில் கதகதப்பாக இருக்கின்றன. முயல் கடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

மாவு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. கவலை வேண்டாம்.

அக்கா
புருல்கான்


அங்காரா ஆற்றங்கரை
22 ஏப்ரல் 2004

அக்காவுக்குச் சலாம். பித்தப்பை என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோடை வரை தள்ளிப்போடாதே என்று காலில் விழுந்து கேட்கிறேன். நான் நலம். கையில் சிராய்ப்பு, அதுவும் ஆறிவிட்டது.

மூன்று மாட்டைக் கேட்டேன், ஒரு மாட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். மற்ற இரண்டும் எங்கே போயின, சந்திரனுக்கா? செத்துக்கித்துப் போயிருந்தால் சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன். மறைக்காதே.

இந்த வருடம் மேல் சரிவை எப்படியும் வெட்டியாக வேண்டும். தீனி இல்லாமல்தான் மாடுகள் இளைத்திருக்கும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. விரைவில் பதில் போடு.

ஒரோசாலி


ஜங்கக்சாய்
8 ஜூன் 2004

அன்புத் தம்பி ஒரோசாலிக்கு,

நலமா? வானம் சரியில்லை, மற்றபடி இங்கே எல்லோரும் நலம். மே ஒன்பதாம் தேதி மறுபடியும் உறைபனி அடித்தது. ஊரே ஈரவைக்கோலைக் கொளுத்திப் புகை மூட்டம் போட்டது. மரங்கள் பிழைக்கவில்லை, எங்களுக்குத்தான் கண் எரிந்தது. மிச்சமிருந்த இலையில் இப்போது கம்பளிப்புழு. காட்டுக்குள் நின்றால் அது மெல்லும் சத்தம் மழைத் தூறல்போலக் கேட்கிறது. கீழ்க் காட்டில் மூன்று பெரிய மரங்கள் நின்றபடியே காய்ந்துவிட்டன. அவற்றின் அடியில் ஒரு குட்டி மரம் இல்லை. ஒன்று முளைத்தால் மாடு கடிக்கிறது, மாடு விட்டதை அரிவாள் எடுக்கிறது. பிள்ளை பிறக்காத ஊர்போல ஆகிவிட்டது காடு. பிள்ளை இல்லாதவள் நான் சொல்கிறேன், அது நல்லதில்லை.

ஜூலை நடுவில் ஜலாலாபாத்தில் அறுவை. இரண்டு வாரம் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். செவலையையும் கன்றையும் பாத்திமா பார்த்துக்கொள்வாள். நீ புல்லைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதே. வெட்ட யாரையும் தேடாதே. நான் திரும்பி வந்து எல்லாம் பார்த்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டிய ஒன்றிரண்டு உண்டு, எழுத்தில் சரியாக வராது. நீ வரும்போது நடந்துபோய்க் காட்டிச் சொல்கிறேன்.

எனக்காக துவா செய்.

அக்கா


அங்காரா ஆற்றங்கரை
28 ஜூன் 2004

என் ஒத்த வயதுத் தோழன் மாமசாலிக்கு ஒரோசாலி எழுதுவது.

நீயும் பாத்திமாவும் பிள்ளைகளும் சுகம்தானே? இதை ஊருக்குத் திரும்பும் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பினால் ஆகாது.

அக்காவுக்கு ஜூலையில் அறுவை. அந்த நிலையிலும் “புல்லைப் பற்றி யோசிக்காதே, யாரையும் தேடாதே” என்று எழுதுகிறாள். அவள் மானஸ்தி என்பது உனக்குத் தெரியும். செத்தாலும் ஒருவர் வாசலில் போய் நின்று கேட்கமாட்டாள். ஆகவே நான் கேட்கிறேன். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஊர் கூடிக் கூலி வாங்காமல் கைகொடுக்கும் அஷார் ஒன்று வை. ஒரே நாளில் மேல் சரிவை வெட்டி, புல்லைக் காயவைத்து, எங்கள் வீட்டு முற்றத்தில் போர் போட்டுவிடுங்கள். அறுக்க வருகிறவர்களுக்கு ஓர் ஆடு அடித்துப் போடு, வந்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவளிடம் மூச்சு விடாதே. திரும்பி வந்து பார்த்து அவள் முகம் மலர வேண்டும்.

உன் ஒரோசாலி


ஜங்கக்சாய்
26 ஜூலை 2004

தோழா ஒரோசாலி, சலாம்! நாங்கள் எல்லோரும் நலம், உன் நலமே வேண்டுவது.

நீ கேட்டது முடிந்தது. சாதாரணமாக முடியவில்லை, கல்யாணம்போல முடிந்தது! பள்ளிவாசலில் ஒரு வார்த்தைதான் சொன்னேன். “புருல்கான் அக்காவுக்கா? யாருக்குப் பிரசவம்னாலும் முதல்ல ஓடி வர்ற பொம்பளை அது. கேக்கணுமா?” என்று அரிவாளைத் தீட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கிழவர் துர்துபேக்கும் வந்தார். “நீங்க எதுக்கு சித்தப்பா, உக்காந்து பாருங்க” என்றால், “உக்காந்து பாக்க நான் என்ன பொண்ணு பாக்கவா வந்தேன்?” என்று என் காலையே வெட்டப் பார்த்தார்.

அக்கா நல்ல உழைப்பாளி. மாடு நுழையாமல் சுற்றிலும் புது முள்கம்பி கட்டியிருந்தார். புல் இடுப்பு வரை நின்றது. இரண்டு வருடப் புல் அல்லவா, அடி கொஞ்சம் முரடாகத்தான் இருந்தது. அரிவாளை நிறையத் தரம் தீட்ட வேண்டியிருந்தது. அங்கங்கே காட்டு ரோஜா, முட்புதர் எல்லாம் மண்டிக் கிடந்தது. பாவம், தனியாள் என்ன செய்வார்! அதையும் சேர்த்து வெட்டி எரித்துவிட்டோம். இப்போது சரிவு நாவிதனிடம் போய்வந்த தலைபோல இருக்கிறது.

மூன்று போர் போட்டிருக்கிறோம். ஒரு மாட்டுக்கும் ஒரு கன்றுக்கும் இது ஐந்து வருடத்துக்கு வரும் என்று பாத்திமா சிரிக்கிறாள். மற்ற இரண்டைத்தான் போன வருடமே விற்றாயிற்றே, அவள் கணக்கு சரிதான்.

அக்காவை வெள்ளிக்கிழமை அழைத்து வருகிறோம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மாமசாலி


அங்காரா ஆற்றங்கரை
5 செப்டம்பர் 2004

அக்கா, சலாம். அறுவை நல்லபடியாக முடிந்ததா? தையல் பிரித்தாயிற்றா? நீயும் எழுதவில்லை, எழுதுகிறேன் என்ற மாமசாலியும் எழுதவில்லை.

மாடு விற்ற சேதி தெரிந்தது. கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பிறகு அறுவைச் செலவுக்கென்று விற்றிருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதை விடு. முற்றத்தில் போரைப் பார்த்தாயா? என் ஏற்பாடுதான்! எத்தனை மலை தாண்டி இருந்தாலும் உனக்குத் தம்பி இருக்கிறான்.

ஒரு வரியாவது எழுது.

ஒரோசாலி


ஜங்கக்சாய்
17 அக்டோபர் 2004

ஒரோசாலி,

நான் உயிரோடு இருக்கிறேன். தையல் ஆறிவிட்டது. நீ நலமா?

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் காகிதத்தில் வசவுதான் வந்தது. அதை அடுப்பில் போட்டேன். இப்போது நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீ ஓடைக்கரையில் நட்ட கன்றுகள் இப்போது இல்லை. நீ போன அந்தக் கோடையிலேயே நம் மாடுகள் வேலியைச் சாய்த்துவிட்டு ஒன்று விடாமல் தின்றன. உன் செல்ல மாடுகள்தான். உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெங்கேஷிடம் கேட்டேன். “வரிசையா நட்டு வேலிக்குப் பக்கத்துல காவல் நிக்கிறதை விடு. ஒரு சரிவை அப்படியே மூடிரு. மாடும் வேணாம், அரிவாளும் வேணாம். காடு தானா வரும், நீ கொஞ்சம் விதை தூவு” என்றார். மேல் சரிவை மூடினேன். அந்த இலையுதிர் காலத்தில் சோம்பேறி மரங்களின் காயாகப் பொறுக்கி விதைத்தேன். ஊரில் எல்லோரும் பெரிய காயாக, மெல்லிய ஓடாகப் பார்த்து விதைக்கிறார்கள். அது முந்தி விழிக்கும் மரத்தின் பிள்ளை, பனியில் கருகத்தான் கருகும். இடையிடையே காட்டு ஆப்பிள் தானாக வந்தது. முட்புதரை வேண்டுமென்றே விட்டேன், அதன் மடியில்தான் கன்று பிழைக்கிறது. புல் இல்லையென்றால் மாட்டுக்குத் தீனி இல்லை. ஆகவே இரண்டை விற்றுக் கம்பி வாங்கினேன். அறுவைக்கு இல்லை.

உன்னைக் கேட்டிருந்தால் மாட்டை விற்க விட்டிருப்பாயா? விட்டிருக்க மாட்டாய். ஆகவே ஆள் கிடைக்கவில்லை என்று பொய் எழுதினேன். அந்தப் பொய்தான் அஷாராக வந்து நின்றது.

கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருந்தன தம்பி. புல்லுக்குள் வெளியே தெரியாது. காலையில் பனி உலரும்முன் போய்ப் புல்லை விலக்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பெற்றிருந்தால் இப்படித்தான் பார்த்திருப்பேன் என்று தோன்றும். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்தது என்பார்களே, அது எனக்கு நடந்தது. வண்டியிலிருந்து இறங்கியதும் முற்றத்தில் மூன்று போர். எல்லோரும் வரிசையாக நின்று என் முகத்தையே பார்க்கிறார்கள், மலருமா மலருமா என்று. நான் தையலைப் பிடித்துக்கொண்டு சரிவுக்கு ஓடினேன். மாமசாலி பின்னாலேயே வந்தான். “என்னக்கா, சரியா வெட்டலையா? ஓரத்துல விட்டுட்டோமா?” என்றான். நான் தரையில் உட்கார்ந்து, வெட்டியதில் மண்ணோடு மிஞ்சி நின்ற அடித்தாள்களைத் தடவிக் காட்டினேன். விரல் பருமனில் வெள்ளையாக வெட்டுப்பட்ட முனைகள். அவனுக்குப் புரிந்தபோது அவனும் உட்கார்ந்துவிட்டான். கம்பி கட்டினால் புல்லுக்கு என்றுதான் இங்கே யாரும் நினைப்பார்கள். கன்றுக்கென்று இந்த ஊரில் யார் ஒரு சரிவையே மூடியிருக்கிறார்கள்?

நேற்று கெங்கேஷ் வந்தார். எனக்கு உள்ளே என்ன ஓடியது என்று உனக்குப் புரியாது. துண்டு போனால் நீ சைபீரியாவில் பிழைப்பாய். நான் எங்கே போவேன்? திரும்பி வந்தவள் இன்னொரு முறை எங்கே திரும்புவது?

நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அஷாருக்கு வந்த அத்தனை பேரும் அங்கே வந்து நின்றார்கள். துர்துபேக் கிழவர் முன்னால் வந்து, “வெட்டுனது நாங்க. அவ பிள்ளைங்களை நாங்கதான் வெட்டுனோம். அபராதம் போடணும்னா எங்களுக்குப் போடு” என்றார். கெங்கேஷ் குனிந்து ஒரு தாளைக் கத்தியால் சீவினார். உள்ளே ஈரம். “வேர் ஆழமா போயிருக்கு. இது அப்பன் வீட்டுச் சொத்துல பாதியை இழந்தவன் மாதிரி, சாகாது. ஆனா எத்தனை எழுந்திரிக்கும்னு எனக்குத் தெரியாது” என்றார். ஒரு வருடம் தவணை தருகிறேன், அதுவரை சரிவு மூடியே இருக்க வேண்டும், பொறுப்பேற்றுக் கையெழுத்து வேண்டும் என்றார். “தம்பி பேர்லதான் குத்தகை, அவனுக்கு எழுதுறேன்” என்றேன். “சைபீரியாவுல இருக்கிறவன் கையெழுத்துக்குக் கன்னு முளைக்காது. இங்க நிக்கிற ஆளு போடு” என்றார்.

போட்டேன். துண்டு இப்போது என் பெயரில். உன்னைக் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை மறைக்கவும் இல்லை, மறுநாளே எழுதுகிறேன்.

கோபப்படுவதென்றால் படு. சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

புருல்கான்


ஜங்கக்சாய்
22 மே 2005

தம்பிக்குச் சலாம்.

ஏழு மாதமாகிறது, உன் கடிதம் இல்லை. நீ நலமென்று கையில் பணம் கொண்டு வந்தவர் சொன்னார். பணம் அனுப்பத் தெரிகிறது, நலமா என்று கேட்கத் தெரியவில்லை. இருக்கட்டும். உன் அக்காவின் தம்பிதானே நீ, அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நீ படிக்காவிட்டாலும் எழுதுகிறேன். ஏப்ரல் முழுவதும் சரிவில் ஒன்றும் இல்லை. மற்ற இடமெல்லாம் பச்சை, இங்கே மொட்டைத் தாள். தினமும் போய் நின்று அழுதேன். யாரும் பார்க்காதபோதுதான். மே ஆறாம் தேதி வழக்கம்போல உறைபனி வந்து ஊரையே கருக்கியது. அடுத்த வாரம் போனேன். தாள்களின் பக்கத்திலிருந்து சிவப்பாக, பிசுபிசுவென்று துளிர்! தாயைப்போல இவையும் சோம்பேறிகள் தம்பி, பனி போகும்வரை எழவே இல்லை. எல்லாம் இல்லை. ஏறக்குறையப் பாதி செத்துவிட்டன. பிழைத்தவை முன்பைவிட நேராக வருகின்றன. காட்டு ஆப்பிள்களில் இரண்டுதான் மிஞ்சின.

மாமசாலி ஒவ்வொரு துளிருக்குப் பக்கத்திலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுகிறான். பாத்திமாவின் பழைய பாவாடை அது. “என் பாவாடையைக் காடு பூரா பறக்க விட்டுட்டியே, ஊருக்குத் தெரியணுமா?” என்று அவள் திட்ட, இவன் தாடியைத் தடவுகிறான். தன் துண்டிலும் ஒரு மூலையை மூடியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. கேட்டால், புல் அங்கே சரியில்லை என்கிறான்.

கெங்கேஷ் அக்டோபரில் வருவார். ஐம்பது வருடத்துக்கு எழுதிக் கொடுப்பாரா, மாட்டாரா, தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

உன் குரல் மறந்துவிடும்போல இருக்கிறது. எழுது.

அக்கா


அங்காரா ஆற்றங்கரை
19 ஜூன் 2005

அக்கா,

சலாம். நான் நலம். நீ நலமா? இந்தக் கேள்வியை ஏழு மாதம் கேட்காமல் இருந்தது என் தவறு.

கோபம்தான். மாடு, நிலம், கையெழுத்து, எல்லாம் என்னைக் கேட்காமல் நடந்தது என்று குளிர்காலம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிப் புலம்பினேன். ஒருவன், “உங்க அக்காவுக்கு ஒரு நல்லது பண்ணணும்னு தோணுச்சே, அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டியா?” என்றான். அவனோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் கேட்டதெல்லாம் மாட்டைப் பற்றித்தான்.

இந்த வசந்தத்தில் எங்களை எரிந்த காட்டில் நடவுக்கு அனுப்பினார்கள். மறுபடியும் பைன், மறுபடியும் வரிசை. நட்டுக்கொண்டே போகும்போது பக்கத்தில் தானாக வந்திருந்த பூர்ச்சக் கன்றைப் பிடுங்கச் சொன்னார் மேஸ்திரி. கையை வைத்தேன், பிடுங்க முடியவில்லை. உன் சரிவில் எத்தனை பேர் எத்தனை அரிவாளோடு என் வார்த்தைக்காகப் போனார்கள் என்று நினைத்துவிட்டேன். நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. கண்ணில் சாம்பல் விழுந்துவிட்டது என்றேன்.

செப்டம்பரில் கணக்கை முடித்துக்கொண்டு வருகிறேன். அக்ரூட் பொறுக்க உன் துண்டில் என்னைக் கூலிக்குச் சேர்த்துக்கொள். கெங்கேஷ் வரும் நாளில் பக்கத்தில் நிற்கிறேன், வாய் திறக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன் அக்கா. வண்டியிலிருந்து நான் இறங்கும்போதே, சலாம் சொல்வதற்கும் முன்னால், எங்கெங்கே கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிடு.

உன் தம்பி
ஒரோசாலி